கண்டி அரசரின் கல்லறையும் கடல் இல்லாத தீவும்: ஒரு விவாத இழை

பாலாற்றுமணல் (சத்துவாச்சாரி)

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு பாலாற்றங்கரையில் இருக்கும் முத்துமண்டபத்துக்குப் போயிருந்தேன். இலங்கையின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் கல்லறை அங்கே இருப்பது வேலூர்க்காரர்கள் பலருக்கும் தெரியும்; உள்ளே போய் நின்று பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள். அவள் அங்கே எழுதியிருந்ததையெல்லாம் படித்து முடித்தாள். பிறகு கல்லறையையும் மணலாகக் கிடந்த ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தீவுக்கு ராஜா என்றால் கப்பல் நிறைய வைத்திருந்திருப்பாரே மாமா, பிடிக்க வந்தபோது ஏன் கப்பலேறிப் போகவில்லை?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியின் ஆழம் விளங்கிற்று. கண்டி அரசரிடம் கப்பல் இல்லை என்பது மட்டுமன்று, ஒரு கப்பலை நிறுத்துவதற்கான துறைமுகம்கூட அவர் கையில் இல்லை. 1815 பிப்ரவரி 18 அன்று அவர் பிடிபட்டது மலைநாட்டுக்குள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாடு பிரிட்டிஷார் வசமாயிற்று. 1816 ஜனவரியில் அவரையும் அரசியரையும் உறவினரையும் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது கார்ன்வாலிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை 16 ஆண்டுகள் இங்கேயே காவலில் இருந்தார்.

"தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று நம் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் அடுக்கிச் சொல்வார்கள். கோயிலில் 1981 இல் ஜலகண்டேசுவரரை மீண்டும் எழுந்தருளச் செய்துவிட்டார்கள். மூன்றாவது சொல்தான் எனக்கு எப்போதும் நெருடும். அந்தக் கோட்டையில் ஒரு ராஜா 16 ஆண்டுகள் இருந்திருக்கிறார். தீவின் அரசருக்குக் கடைசிவரை கண்ணில் பட்ட நீர், கோட்டையைச் சுற்றிய அகழி நீர்தான்.

நண்பர்களிடம் என் கேள்வி இது. தீவில் வாழ்வதனாலேயே ஒரு மக்கள் கடலோடிகள் ஆகிவிடுவார்களா? ஒரு தீவின் வரலாற்றைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியிருக்கும் கடலைக் காட்டிலும் அதன் கரையும் துறையும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குமரிக்கண்டம் பக்கம் போய்விடாமல், கல்வெட்டும் ஆவணமும் கையில் உள்ள செய்திகளோடு பேசுவோம்.

கஸ்பா வாசி

ஐயா, உங்கள் மருமகள் கேட்ட கேள்விக்கு விடை 1815 இல் இல்லை, 1766 இல் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505 இல். அவர்களை விரட்டுவதற்காகக் கண்டியின் இரண்டாம் ராஜசிங்கன் 1638 இல் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர்களிடம் விழுந்தன. ஆனால் பிடித்த கோட்டைகளை அவர்கள் திருப்பித் தரவில்லை. அன்று முதல் கண்டி அரசு ஒவ்வொரு துறையாகக் கடலை இழந்துகொண்டே வந்தது. 1765 இல் டச்சுப் படை கண்டி நகருக்குள்ளேயே புகுந்தது. மலையில் அவர்களால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாவிட்டாலும், மறு ஆண்டு பிப்ரவரியில் கையெழுத்தான உடன்படிக்கையில் தீவைச் சுற்றிலும் உள்ள கடற்கரை முழுவதும் டச்சுக் கம்பெனியின் உடைமை என்று எழுதி வாங்கிவிட்டார்கள். கண்டியின் குடிகளுக்குக் கடலில் மிஞ்சியது, சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமைதான். பின்னால் டச்சுக்காரரின் கரை பிரிட்டிஷார் கைக்கு மாறியது.

அதற்கு முன்பே கடல் கைவிட்டுப் போயிருந்ததற்கு இன்னொரு சான்று உண்டு. 1739 இல் சிங்கள அரச மரபு வாரிசின்றி முடிந்து, மதுரை நாயக்கர் வழிவந்த உறவினர் கண்டி அரியணை ஏறினார்கள். அந்த மரபில் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர், நாட்டில் முறையாகத் துறவறம் ஏற்ற பிக்குகளின் வரிசை அறுந்துபோனதால், சயாம் நாட்டின் அயுத்தயாவிலிருந்து பிக்குகளை வரவழைக்க விரும்பினார். உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் 1753 இல் கண்டிக்கு வந்தார்கள். இன்றைக்கும் இலங்கையின் பெரிய பௌத்தப் பிரிவு சயாம் நிகாயம் என்றே வழங்குகிறது. அவர்களை அழைத்துவந்தது டச்சுக் கம்பெனியின் கப்பல். தம் சமயத்தைப் புதுப்பிப்பதற்கு ஒரு தீவின் அரசர் தம் பகைவனிடம் கப்பல் கேட்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நாயக்கர் மரபில் நான்காமவரும் கடைசியானவரும்தான் நம் பாலாற்றங்கரையில் இருப்பவர்.

ராணிப்பேட்டை மண்டிக்காரர்

உப்பு என்று நீங்கள் எழுதியதும் நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. பச்சைத்தோல் மண்டிக்கு வந்து இறங்கியதும் சதைப்பக்கம் மேலாக விரித்து, கை நிறையக் கல்லுப்பை அள்ளி வீசி, ஓரங்களிலும் கழுத்துப் பகுதியிலும் அழுத்தித் தேய்ப்பார்கள். ஒரு தோலுக்கு அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்பு பிடிக்கும். சித்திரை வெயிலில் அதை ஒரு பகல் தள்ளிப்போட்டால், மறுநாள் மயிரைப் பிடித்து இழுக்கக் கையோடு வந்துவிடும். அந்தத் தோல் அவ்வளவுதான். கடலை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் உப்பு லாரி இரண்டு நாள் வராவிட்டால் தொழில் நின்றுவிடும்.

ஆகவே அந்த உடன்படிக்கையில் கண்டியார் வற்புறுத்திக் கேட்டது உப்பைத்தான் என்பது எனக்கு வியப்பாக இல்லை. நெல்லும் மிளகும் பாக்கும் மலையில் விளைந்துவிடும். உப்பு விளையாது. உப்பளத்தை வைத்திருப்பவன் மலைநாட்டின் கழுத்தில் கை வைத்திருக்கிறான் என்று பொருள். பாலாற்றுமணல் ஐயா சொன்ன "கரை யார் கையில்" என்பதற்குச் சமையலறை வரைக்கும் நீளும் விளக்கம் இதுதான்.

வளவன், காட்பாடி

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவன். கண்டியின் கதை சோகமானது என்பதை ஏற்கிறேன். ஆனால் நம்மவர்களைப் பற்றிப் பேசாமல் கடலோடிகளைப் பற்றிப் பேச முடியுமா? முதலாம் ராஜராஜன் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்" கொண்டதாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அது மாலத்தீவு என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1025 ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திரன் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றான். நிக்கோபார் அந்த மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருகிறது. பசிபிக் தீவினரின் இரட்டைப் படகுகளுக்கு ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று பெயர். அது நம் கட்டுமரம் என்ற சொல். நியூசிலாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணி கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பசிபிக் தீவினருக்குப் படகுக் கலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் தமிழர்களே என்று சொல்லக்கூடாதா?

ஆற்காட்டுக் கப்பல்காரர்

தம்பி வளவனுக்கு. நான் ஆற்காட்டில் பிறந்து, 26 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆர்வம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அந்த ஆர்வத்துக்குச் சரியான தீனி போட வேண்டும் என்பதற்காகத்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சொல். கட்டுமரம் என்பது மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது. அதற்கு உள்கூடு கிடையாது, அலை மேலேறி இடைவெளி வழியே வடிந்துவிடும். பசிபிக் தீவினரின் பெரும்படகு, குடைந்தும் பலகை தைத்தும் செய்த இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது. ஐரோப்பியர் சோழமண்டலக் கரையில் கேட்ட சொல்லை எடுத்துக்கொண்டு போய், வேறொரு கடலின் வேறொரு படகுக்கு வைத்தார்கள். சொல் நம்முடையது, படகு அவர்களுடையது. அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே லப்பிதா என்று இன்று அழைக்கப்படும் மட்பாண்டங்களோடு பிஜி, தோங்கா, சமோவா வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மணி உண்மையானது. 1836 இல் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதை ஒரு மாவோரி ஊரில் கண்டார். அங்கே அதைக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதில் உள்ள தமிழ் எழுத்தின் பொருள். இப்போது அது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல் உரிமையாளரின் பெயர் அவ்வளவு தொலைவு போயிருப்பதே பெருமைதான். ஆனால் ஒரு மணி போய்ச் சேர்ந்தது என்பதால் ஒரு மக்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஆகிவிடாது. கைவிடப்பட்ட கப்பலும் மிதந்துகொண்டே போகும். மணி ஒரு கை மாறி மறு கைக்கும் போகும்.

இனி, அவர்கள் வழி கண்டுபிடித்த முறை. 1976 மே மாதம் ஹவாயிலிருந்து ஹோகுலேஆ என்ற இரட்டைப் படகு, திசைகாட்டியோ வரைபடமோ கடிகாரமோ இல்லாமல் தாகித்திக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அதை வழிநடத்திய மாவ் பியாலுக், ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சதாவால் என்ற மைக்ரோனேசியத் தீவில் பிறந்தவர். ஹவாயில் அந்த அறிவு முற்றிலும் மறைந்துபோயிருந்ததால், வேறு தீவிலிருந்து அவரை அழைத்து வர வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று பப்பீத்தே துறையில் படகு நுழைந்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் கரையில் திரண்டிருந்தார்கள்.

அவர் பயின்ற கலையில் வானத்தின் ஒவ்வொரு முக்கிய விண்மீனும் அடிவானத்தில் எந்த இடத்தில் எழும், எந்த இடத்தில் விழும் என்பது மனப்பாடம். அதோடு ஏதாக் என்றொரு கணக்கு உண்டு. படகு அசையாமல் நிற்பதாகவும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தீவு விண்மீன்களுக்குக் கீழே பின்னோக்கி நகர்ந்துகொண்டே போவதாகவும் மனத்தில் வைத்து, கடந்த தொலைவை அளப்பார்கள். காட்பாடியில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை மரங்கள்தாம் ஓடுகின்றன என்று சொல்லுமே, அதே காட்சியைக் கணக்காக மாற்றிய மூளை அது.

மேகம் மூடினால் அலையைப் படிப்பார்கள். இதை நான் கொஞ்சம் உணர்ந்திருக்கிறேன். இலங்கையின் தென்கோடியில் தெய்வந்துறை முனையைச் சுற்றி வரும்போது, தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலையும், அந்தப் பருவக் காற்று எழுப்பும் குட்டை அலையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். எஞ்சின் அறையில் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, முதலில் நீளமாக ஒரு தூக்கல், அது இறங்குவதற்குள் பக்கவாட்டில் ஒரு சிறு உதறல் என்று உடம்பு பிரித்துச் சொல்லிவிடும். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு அது பிடிபட்டது. மாவ் பியாலுக் படகின் அடித்தட்டில் படுத்து முதுகால் அலையைப் படிப்பார். குழந்தையாக இருக்கும்போதே அவருடைய பாட்டனார் அவரைக் கரையோரக் குட்டைகளில் நீருக்குள் இருத்தி, கடல் இழுப்பதை உடம்பால் அறியவைத்திருக்கிறார். மார்ஷல் தீவினர் தென்னை ஈர்க்குகளைக் கட்டி அலைகள் வளைந்து செல்வதைக் காட்டவும், சிப்பிகளைச் செருகித் தீவுகளைக் காட்டவும் ஒரு படம் செய்வார்கள். அதைக் கடலுக்கு எடுத்துச் செல்வதில்லை, கரையிலேயே மனத்தில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள்.

நம்முடையது எது என்று கேட்டால், ராப்பலகையைச் சொல்வேன். ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறை. வேலூரிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும்; தெற்கே போகப்போக அது தாழும். அரபு மாலுமிகளும் சோழமண்டலக் கரை மாலுமிகளும் கையாண்ட கருவி இது. சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088 ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சீனத்தின் சுவான்சௌ துறையில் 1281 ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. இவ்வளவு உறுதியான சான்றுகள் கையில் இருக்கும்போது, இன்னொருவர் படகை நமதென்று சொல்ல வேண்டிய தேவை என்ன தம்பி?

வளவன், காட்பாடி

நன்றி ஐயா. சொல்லையும் பொருளையும் குழப்பிக்கொண்டது என் தவறு. ஏதாக் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இன்று மாலை ரயிலில் வரும்போது அந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்தேன். லத்தேரி தாண்டுவதற்குள் குழம்பிவிட்டது.

திமிரி வாசகி

கண்டியோடு ஒப்பிடுவதற்கு மாலத்தீவைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை என்பது என் கருத்து. கண்டிக்குப் பின்வாங்க மலை இருந்தது. மாலத்தீவில் பின்வாங்க எதுவுமே இல்லை. ஏறத்தாழ 1,200 தீவுகள், அவற்றில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200, எந்த வீட்டிலிருந்து நடந்தாலும் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். தென்னை மரத்தைப் பலகையாக்கி, தென்னை நாரையே கயிறாக்கித் தைத்துப் படகு செய்தார்கள். நம் பெரியவர்கள் மாசிக் கருவாடு என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அந்தத் தீவுகளின் சோழி வங்காளத்துக்குக் கப்பல் கப்பலாகப் போய், அங்கே காசாகப் புழங்கியது. இபின் பதூதா 1343 இல் அங்கே போய்ச் சில காலம் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்திருக்கிறார்.

போர்த்துக்கீசியர் 1558 இல் தலைநகர் மாலேயைப் பிடித்தார்கள். முகம்மது தகுருஃபானு என்ற தலைவர் தம் சகோதரர்களோடு கல்ஹுஒஃபும்மி என்ற படகில் இரவில் ஒரு தீவில் இறங்கித் தாக்குவார். பொழுது விடிவதற்குள் இன்னொரு தீவுக்குப் போய்விடுவார். பவளத்திட்டுகளுக்கு இடையே உள்ள கால்வாய்களை இரவிலும் அறிந்த மாலுமிகள் அவரிடம் இருந்தார்கள், பகைவரிடம் இல்லை. 1573 இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். கண்டியாருக்குக் காடும் கணவாயும் எப்படியோ, மாலத்தீவினருக்குக் கால்வாய் அப்படி. கண்டியார் மலையைக் காத்துக் கடலை விட்டார்கள். இவர்களுக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை.

கடலைத் தாமாகவே மூடிக்கொண்ட தீவுகளும் உண்டு. ஜப்பானியர் கடல் கடந்து போவதையும், போனவர்கள் திரும்பி வருவதையும் 1635 இல் அவர்கள் அரசே தடை செய்தது. 1850களில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நின்றபிறகே அந்தக் கதவு திறந்தது. மாவோரிகளின் முன்னோர் 13 ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்துக்கு அத்தனை தொலைவு கடந்து வந்தார்கள். வந்து சேர்ந்த நிலம் பெரியது. அதன்பின் பழைய தீவுகளுக்குப் போய்வரும் பெரும்பயணம் நின்றுபோயிற்று. 1769 இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ராயாதேயா தீவினரான துபாயா வந்து இறங்கியபோது, அவர் பேச்சு மாவோரிகளுக்குப் புரிந்தது. நூற்றாண்டுகள் பிரிந்திருந்த உறவினர்கள் மொழியால் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட அந்தப் பொழுதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

ஆகவே பாலாற்றுமணல் ஐயாவின் கருத்தோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறேன். கரை யார் கையில் என்பது ஒரு பாதி. கடலை அறிந்த மனிதர்களை ஒரு நாடு தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறதா என்பது மறுபாதி. ஹவாய்க்குக் கரை இருந்தது. மாவ் பியாலுக் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

குடியாத்தம் தறிவீடு

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். அறிஞர்கள் பேசும் இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்வது பொருந்துமா என்று தயங்கினேன். திமிரி அக்கா எழுதிய கடைசிப் பத்தியைப் படித்த பிறகு சொல்லலாம் என்று தோன்றியது.

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பஞ்ச காலத்துக்குப் பிறகு ஊரைவிட்டுப் போய், சென்னையில் கப்பலேறி பிஜித்தீவுக்குக் கரும்பு வெட்டப் போனார் என்று எங்கள் பாட்டி சொல்லுவார். நாங்கள் நெசவுக் குடும்பம். அந்தத் தலைமுறையில் எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தாலே பயந்துபோய் மேட்டுக்கு ஏறிக்கொள்ளும் மனிதர்கள் பசிபிக் கடல்வரை போயிருக்கிறார்கள். போனவரிடமிருந்து ஒரே ஒரு முறை கடிதம் வந்ததாம். அவரைக் கடலோடி என்று சொல்ல முடியாது. அடித்தட்டில் அடைபட்டுக் கிடந்தவருக்குக் கடல் என்ன தெரிந்திருக்கும்? ஆனால் அவர் வழிவந்தவர்கள் யாராவது இருந்தால் இன்று அவர்கள் தீவு மக்கள்தான். இப்படிப் போனவர்களைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

ஆற்காட்டுக் கப்பல்காரர்

அம்மா, இந்த இழைக்கு உங்கள் கதைதான் மிகவும் தேவையானது.

பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் லியோனிதாஸ்; 1879 இல் கல்கத்தாவிலிருந்து போனது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். 1916 வரை மொத்தம் 60,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 15,000 பேர் தென்னிந்தியர். அந்தத் தென்னிந்தியரில் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து போனவர்கள் கணிசமானவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அக்ரிமென்ட் என்ற சொல் அவர்கள் வாயில் கிர்மித் என்றாயிற்று. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் 1920 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தன. 1926 இல் நாந்தி என்ற ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கி, பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அதே நாந்தியில்தான் சிவசுப்பிரமணியர் கோயிலும் இருக்கிறது.

அவர்கள் போய் இறங்கிய தீவு, பசிபிக்கின் மிகச் சிறந்த படகுகளுள் ஒன்றான துருவாவைக் கட்டிய மக்களின் தீவு என்பதையும் சேர்த்து நினையுங்கள். லாவ் தீவுகளில் வேசி என்ற வைரம் பாய்ந்த மரத்தில் அதைக் கட்டினார்கள். தோங்கா நாட்டவரே அதைத் தேடி வந்தார்கள். 1884 இல் சிரியா என்ற கூலிக்கப்பல் நசிலாய் பவளத்திட்டில் மோதி 50 பேருக்கு மேல் இறந்தபோது, உயிரோடு இருந்தவர்களை மீட்பதில் கரையோரப் பிஜி ஊரார் பங்கெடுத்தார்கள். கடலை அறிந்தவர்களும் கடலை அறியாமல் அதைக் கடக்க நேர்ந்தவர்களும் சந்தித்த இடம் அது.

உங்கள் பெரியவரைத் தேட வழி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. அதில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை இருக்கும். அந்தச் சீட்டுகளைச் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். குடியாத்தம் என்பதையே நான்கைந்து விதமாக எழுத முடியும். எல்லா விதத்திலும் தேடச் சொல்ல வேண்டும்.

பாலாற்றுமணல் (சத்துவாச்சாரி)

திமிரி வாசகியின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். கரையைப் பற்றி மட்டுமே நினைத்தது என் குறை. கரையைத் திரும்பப் பெற்றாலும் மீகாமனை ஒரே நாளில் உண்டாக்க முடியாது என்பதை ஹவாய் காட்டுகிறது.

இதையெல்லாம் என் மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். உப்பைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த ராஜா கோட்டையில் இருந்தபோது அவருக்கு உப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டாள். சோழமண்டலக் கரை அளங்களிலிருந்து மாட்டு வண்டியில் வந்திருக்கும் என்றேன். "அப்படியானால் அந்தக் கடலும் வெள்ளைக்காரர்கள் கையில்தான் இருந்தது" என்றாள். ஆமாம் என்றேன். இங்கும் அன்று உப்பு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம்தான்.

குடியாத்தம் அம்மாவுக்கு ஒரு செய்தி. கண்டி அரசரின் அரியணையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1934 இல் கொழும்புக்குத் திரும்பி வந்தது. இன்று அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசருடைய பொருளுக்கு 119 ஆண்டுகள் ஆயின. உங்கள் பெரியவர் போய் ஏறத்தாழ அதே அளவு காலம் ஆகியிருக்கிறது. தேடிப் பாருங்கள்.

குடியாத்தம் தறிவீடு

எல்லோருக்கும் நன்றி. தகப்பன் பெயர் வேண்டும் என்று கப்பல்காரர் ஐயா எழுதியிருந்ததால், பேரணாம்பட்டில் இருக்கும் என் பெரிய அத்தைக்கு இன்று காலை போன் செய்தேன். அவருக்கு 88 வயது. பெயரைக் கேட்டதும் தயங்காமல் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார்: போனவருக்கு இடது புருவத்தின் மேல் தறிக்கட்டை பட்ட வெட்டுத் தழும்பு ஒன்று இருந்ததாம். சீட்டில் உடல் அடையாளத்துக்கு ஒரு கட்டம் உண்டு என்று எழுதியிருந்தீர்களே. காப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்துவிட்டேன்.